ஷார்ஜா கண்ட சரித்திரமே, வருக!

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியவனை ஒரு வருடத்துக்கு எந்த வேலைக்கும் அனுப்பக் கூடாது. தக்காளி வாங்க அனுப்பலாம், அதுவும் பக்கத்துக் கடைக்கு. இது என் மனைவி மும்தாஜின் கருத்து. இப்போது எனக்கும் அதே கருத்துதான். ஆனால் எங்கள் இருவருக்கும் இந்த ஞானம் வருவதற்கு முன்பே, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வேலையை அவள் என்னிடம் ஒப்படைத்துவிட்டாள்.

ஷார்ஜாவில் நான் டைல்ஸ் விற்றுக்கொண்டிருந்தேன். கடையை மூடிவிட்டார்கள். மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு மும்தாஜின் ஊரான விருத்தாசலத்துக்கு வந்து சேர்ந்தோம். அவள் தம்பி பஷீர் இங்கே செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். "நான் செஞ்சி குடுக்குறேன் மச்சான், நீங்க வித்துக் குடுங்க" என்றான். பிழைப்புக்கு வழி பிறந்தது. எஸ்டேட்டுக்குப் பின்னாலேயே வீடும் கிடைத்தது. பாக்கி இருந்தது சஃபீனாவின் பள்ளிக்கூடம் மட்டும்தான்.

சஃபீனா அப்போது பத்தாவது முடித்திருந்தாள். விருத்தாசலம் என்றால் அவளுக்கு லீவு, மாம்பழம், கரண்ட் கட். தோழிகளை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்த வருத்தத்தில் வீட்டிலும் அளந்து அளந்துதான் பேசினாள். பள்ளிக்கூடப் பேச்சு எடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஸ்கூல் எதுவா இருந்தாலும் ஓகே அத்தா. ஆனா நான் உள்ள போறப்ப யாரும் என்னைத் திரும்பிப் பாக்கக் கூடாது. ஃபாரின்லேருந்து வந்தவன்னு யாருக்கும் தெரியக் கூடாது. நான் பாட்டுக்குக் கடைசி வரிசையில போய் நின்னுக்கணும்."

"இதெல்லாம் ஒரு விஷயமா? அத்தாகிட்ட விட்டுடு" என்றேன். (இந்த வாக்கியம் இப்போது எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை மாதிரி. யாரும் உச்சரிப்பதில்லை.)

அரசுப் பள்ளிதான் என்பதில் மும்தாஜ் உறுதியாக இருந்தாள். "நான் இந்த ஊரு கவர்மெண்டு ஸ்கூலுல படிச்சவதான். எனக்கு என்னா கொறச்சல்?" என்று கேட்டாள். (இந்தக் கேள்விக்கு எந்தக் கணவனும் விரிவாகப் பதில் சொல்லக் கூடாது.) டவுனுக்குள் பெண்கள் பள்ளி ஒன்று, எஸ்டேட் பக்கம் ஆண் பெண் சேர்ந்து படிக்கும் பள்ளி ஒன்று. "ரெண்டையும் பாருங்க. புள்ளையையும் அழைச்சிட்டுப் போங்க, அவ புடிச்சதச் சொல்லட்டும்" என்றாள்.

நான் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகவில்லை. சரக்கை முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது என் தொழில் அனுபவம். ஒரு காலை வேளையில் இஸ்திரி போட்ட சட்டையும் ஷார்ஜா வாசனைத் தைலமுமாக டவுன் பள்ளிக்குள் நுழைந்தேன்.

பள்ளிக்கூடத்தின் தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரியாது. தரையின் தரத்தைக் கண்டுபிடிக்கத் தெரியும். விரல் முட்டியால் தட்டினால், சரியாகப் பதிக்காத டைல்ஸ் 'டொக் டொக்' என்று காலியாகச் சத்தம் கொடுக்கும். வராந்தாவில் குனிந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன். முகத்தில் ஒரு நிபுணனின் கவலையை வைத்துக்கொண்டு சுவரையும் தட்டினேன். தலைமையாசிரியை தன் அறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"சார், அட்மிஷனுக்கு வந்தீங்களா, தரை மாத்த வந்தீங்களா?"

நிமிர்ந்து விவரம் சொன்னேன். "டி.சி., மார்க் ஷீட்டு, ஆதாரு எடுத்துக்கிட்டுப் பொண்ணோட வாங்க சார். சேத்துக்கலாம்" என்றார்.

"வேற ஏதாவது...?" என்று இழுத்தேன்.

"வேற என்னா? பொண்ணு வரணும்."

இவ்வளவு சுலபமான பதில் எனக்குக் கலக்கத்தைக் கொடுத்தது. சஃபீனாவுக்கு ஷார்ஜாவில் எல்.கே.ஜி. சீட்டு வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மேனேஜருக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவரைப் பிடித்தேன்; அதற்கும் பிறகு என்னையும் மும்தாஜையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். (வயலெட் நிறத்தை ஊதா என்று நான் தமிழில் சொல்லிவிட்டதால்தான் சீட்டு தள்ளிப்போனது என்று மும்தாஜ் இன்றும் நம்புகிறாள்.) அப்படிப்பட்டவனிடம் 'வாங்க, சேத்துக்கலாம்' என்றால் என்ன அர்த்தம்? நாசூக்காக மறுக்கிறார் என்று முடிவு கட்டினேன். சிபாரிசு வேண்டும்.

பஷீர் தலையில் அடித்துக்கொண்டான். "மச்சான், அது கவர்மெண்டு ஸ்கூலு. யாரு போனாலும் சேத்துக்குவாங்க. போன வாரம் டீச்சருங்களே எஸ்டேட்டுக்கு வந்து, புள்ளைங்கள அனுப்புங்கன்னு வூடு வூடாக் கேட்டுட்டுப் போனாங்க."

உலகம் தெரியாத பையன் என்று அவனைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தேன்.

பாலக்கரை டீக்கடையில் விசாரித்தபோது எல்லோரும் ஒரே ஆளைக் காட்டினார்கள். அவரைத் தலைவர் என்றுதான் ஊரில் அழைப்பார்கள். எதற்குத் தலைவர் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். மனதும் வெள்ளைதான், அதில் சந்தேகமில்லை. என் கதையைக் கேட்டதும் உருகிவிட்டார்.

"ஷார்ஜாலேருந்து வந்து கவர்மெண்டு ஸ்கூலுல சேக்குறீங்களா? இதல்லவா சார் செய்தி. பாப்பா நம்ம பாப்பா. ஒரு போட்டோ மட்டும் வாட்ஸப்புல வுடுங்க. மத்தத நான் பாத்துக்குறேன்."

சீட்டுக்கு எதற்கு வாட்ஸப்பில் போட்டோ என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. என் போனில் இருந்தது, எப்போதோ விசாவுக்கு எடுத்த படம். கண்ணைச் சிமிட்டாதே என்று ஸ்டுடியோக்காரர் மிரட்டியதில், சுவரில் பல்லியைப் பார்த்தவள் மாதிரி கண்ணை விரித்துக்கொண்டு நின்றிருப்பாள். இரண்டு காதும் தெரியும். அதை அனுப்பினேன். பெருமையாகவும் இருந்தது.

பிறகு ஃபியூஸ் கட்டை மாதிரிகளோடு பெண்ணாடம், திட்டக்குடிப் பக்கம் கடை கடையாக அலையப் போய்விட்டேன். அந்த நாட்களில்தான் வீட்டில் வேறொன்று நடந்திருக்கிறது. அம்மாவும் மகளும் ஒரு சாயங்காலம் எஸ்டேட் பள்ளி வழியாக நடந்திருக்கிறார்கள். உள்ளே பெண்கள் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்களாம். பந்து உருண்டு வெளியே வந்திருக்கிறது. சஃபீனா எடுத்துப் போட்டிருக்கிறாள். ஒரு பெண் பிடித்துக்கொண்டு, அவளை யார் என்று ஒரு பார்வைகூடப் பார்க்காமல் ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டாள். "அம்மா, இந்த ஸ்கூல்தான்" என்றாளாம் சஃபீனா. மறுநாள் இருவரும் போய்ச் சேர்த்துவிட்டு, உலையில் போட்ட அரிசி குழைவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

இது எனக்குத் தெரிந்தது பள்ளி திறந்த அன்று காலையில்தான். சீருடையில் சஃபீனா அப்போதே கிளம்பிப் போயிருந்தாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அங்கயும் வந்து தரையத் தட்டுவீங்கன்னு அவதான் சொல்ல வேணான்னா" என்றாள் மும்தாஜ்.

கோபப்பட எனக்கு நேரமில்லை. போன் அடித்தது. தலைவர். "எங்க சார் இருக்கீங்க? டவுன் ஸ்கூலு வாசல்ல எல்லாரும் நிக்கிறோம். பாப்பாவ அழைச்சிட்டு வந்துடுங்க." அவர் குரலுக்குப் பின்னால் யாரோ ட்ரம்ஸைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பஷீரின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பள்ளி வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு குட்டியானை (சின்ன லோடு வண்டிக்கு இங்கே அதுதான் பேர்) நின்றிருந்தது. அதன் மேல் என் மகள். ஓர் ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸில் முகம் மட்டும். பல்லியைப் பார்த்த அதே கண்கள், இப்போது ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அளவு. அவளைவிடப் பெரிதாகத் தலைவர் கைகூப்பிக்கொண்டிருந்தார். அடியில் டவுன் பள்ளியின் பெயர். இருவருக்கும் நடுவில் எழுத்துகள்:

'பன்னாட்டுப் பள்ளியை உதறிவிட்டு அரசுப் பள்ளியைத் தேடி வரும் எங்கள் குலவிளக்கே! ஷார்ஜா கண்ட சரித்திரமே! வருக! வருக!'

உண்மையைச் சொன்னேன். "தலைவரே, பொண்ணு எஸ்டேட் பக்கத்து ஸ்கூலுல சேந்துடுச்சி. இதோட கலைஞ்சிடலாமே."

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஒரு நொடிதான். "அதுவும் கவர்மெண்டு ஸ்கூலுதான சார்? வண்டிய அங்க வுடுங்கப்பா" என்றார். டீக்கடையிலிருந்து பசை வந்தது. ஃப்ளெக்ஸில் பள்ளிப் பெயர் இருந்த இடத்தில் பழைய பேப்பரை ஒட்டி மறைத்தார்கள்.

அந்த இடத்தில் வேறு எந்த மனிதனும் 'வேண்டாம்' என்று சொல்லியிருப்பான். நான் கடையில் வேலை பார்த்த காலம் முழுவதும் யாருக்கும் 'இல்லை' சொல்லிப் பழகாதவன். இருந்தும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ட்ரம்ஸ் ஆரம்பித்துவிட்டது. என்னைக் கைபிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். என் மகளின் இடது காதைப் பிடித்துக்கொண்டு நின்றபடி விருத்தாசலத்தின் முக்கிய வீதிகளைக் கடந்தேன்.

எஸ்டேட் பள்ளியில் காலை வணக்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அத்தனை பிள்ளைகளும் வரிசையில் நின்றிருந்தார்கள். நாங்கள் கேட்டுக்குள் நுழைந்ததும் எல்லாத் தலைகளும் திரும்பின. கடைசி வரிசையில் ஒரு தலை மட்டும் குனிந்தது. அவள் தேடிய இடம் கிடைத்துவிட்டது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவருக்குச் சஃபீனாவைத் தெரியாது. படத்தைப் பார்த்தார், முன்வரிசையைப் பார்த்தார். பெரிய கண்ணோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நேராகப் போய் அவளுக்குச் சால்வையைப் போர்த்திவிட்டார். அந்தப் பெண்ணும் சால்வையை ஒழுங்காக இழுத்துவிட்டுக்கொண்டு கும்பிட்டாள்.

"ஷார்ஜா எல்லாம் எப்படிம்மா இருந்துச்சி?" என்று உருக்கமாகக் கேட்டார் தலைவர்.

"நான் நல்லூருங்க. பஸ்ஸுல வரேன். ஷார்ஜா எந்த ரூட்டுங்க?"

பள்ளி முழுவதும் சிரித்தது. தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். "சார், இது நம்ம பாப்பா இல்லியா? பாப்பா எங்க?"

கடைசி வரிசையைப் பார்த்தேன். சஃபீனா இலேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் அத்தா என்று அர்த்தம். ஊர், தோழிகள், தனக்கென்று இருந்த அறை என்று எல்லாவற்றையும் ஒரு பேச்சும் பேசாமல் விட்டுவிட்டு வந்த பிள்ளை. என்னிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

"என் பொண்ணு இங்க இல்லீங்க" என்றேன்.

அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர் நிதானமாக என் பக்கத்தில் வந்தார். "பொண்ணு இங்க இல்லேன்னா, நீங்க எதுக்கு சார் ட்ரம்ஸோட வந்திருக்கீங்க?"

நியாயமான கேள்வி. விட்டால் அங்கேயும் குனிந்து தரையைத் தட்டியிருப்பேன், ஆனால் அது மண் தரை. சிரிப்பு இன்னும் பெரிதானது. ட்ரம்ஸ்காரர் ஒருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது கடைசி வரிசை விலகியது. சஃபீனா நடந்து வந்தாள். எல்லாத் தலைகளும் இப்போது அவள் பக்கம் திரும்பின. ஃப்ளெக்ஸைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். அவள் வேகமாகவும் வரவில்லை, தயங்கவும் இல்லை.

"சார், அது நான்தான்" என்றாள்.

தலைவர் நல்லூர்ப் பெண்ணிடமிருந்து சால்வையை எடுக்கப் போனார். "அத அவளே வெச்சிக்கட்டும்" என்றாள் சஃபீனா. தலைமையாசிரியருக்கு என்ன தோன்றியதோ, மைக்கை அவளிடம் நீட்டினார். "ரெண்டு வார்த்தை பேசும்மா. எப்படியும் எல்லாரும் பாத்தாச்சி."

மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் சஃபீனா. லெவன்த் சேந்திருக்கேன். இவரு எங்க அத்தா, டைல்ஸ் வித்தவரு. ரொம்ப நல்லவரு." கொஞ்சம் நிறுத்தினாள். "இனிமே ஸ்கூலுக்கு வர மாட்டாரு."

அன்று எழுந்த கைத்தட்டல் எஸ்டேட் வரைக்கும் கேட்டதாகப் பஷீர் சொல்கிறான். சால்வையோடு நின்ற நல்லூர்ப் பெண்தான் முதலில் தட்டினாள். அவள் பேர் காயத்ரி. பந்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனவளும் அவள்தானாம். இப்போது பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறாள். மழை, பனி என்றால் அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வருவாள்.

மகள் மைக்கில் கொடுத்த வாக்கை நான் இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு மும்தாஜ்தான் போகிறாள். நான் கேட் வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். புதிதாக எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வீட்டில் ஒருவராவது "தட்டிப் பாத்துட்டீங்களா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. சஃபீனா இப்போது பிளஸ் டூ. வீட்டில் முன்புபோல் அளந்து பேசுவதில்லை. அளந்தால் தேவலை என்று சில நாள் தோன்றும்.

ஃப்ளெக்ஸை நம் ஊரில் யார் தூக்கிப் போடுவார்கள்? எங்கள் தெருமுனை பஜ்ஜிக் கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டுபோய்க் கூரையிலிருந்து மறைப்பாகத் தொங்கவிட்டார். வெயிலில் தலைவர் முதலில் வெளுத்துப்போனார். அடுத்து ஷார்ஜா போனது, சரித்திரமும் போனது. விரிந்த கண்ணோடு அந்த முகம் மட்டும் இன்னும் பளிச்சென்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சஃபீனா மனம் நோகுமே என்று, போன மாதம் கடைக்காரரிடம் ரகசியமாகப் பேசி, வேறு தார்ப்பாய் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாளே விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் சண்டைக்கு வந்தாள். "அத எடுத்துட்டா எப்படி அத்தா? புக்கு பார்சல் வரணும்."

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்பதற்குள் அவள் போன் அடித்தது. பார்சல்காரர்தான், வழி தெரியாமல் எஸ்டேட்டில் நின்றுகொண்டிருந்தார். சஃபீனா ஜன்னல் பக்கம் போய், கூச்சமே இல்லாத குரலில் வழி சொன்னாள்.

"நேரா வாங்கண்ணா. பஜ்ஜிக் கடையில என் மூஞ்சி பெருசா தொங்கும். அங்க லெஃப்ட்டு."