நாலாவது நிமிடத்தில் ஒரு கசிவு

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீங்கள் நலமா, அதைவிட முக்கியமாக உங்கள் தொண்டை நலமா என்று அப்பா கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன். மரியாதை இத்துடன் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை உங்கள் ஓபராவுக்கு நான் வரப்போவதில்லை. எனக்கு மழுப்பத் தெரியாது. காரணத்தை எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

இருபத்திரண்டு வருடம் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வரிசையில் நின்று பாடிய உங்களுக்கு இப்போதுதான் தனியாக ஒரு பாட்டு கிடைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எனக்கு ஒன்பது வயதில் ஒரு தடவை கூட்டிப்போனீர்கள், நான் காதைப் பொத்திக்கொண்டு நாலு பேர் காலை மிதித்து வெளியே ஓடினேன், அதை மேடையிலிருந்து நீங்கள் பார்த்தீர்கள், அதற்கப்புறம் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. இந்தத் தடவைதான் ஒத்திகைப் பதிவை அனுப்பி, "முழுசும் உக்காரணும்னு இல்லடா, என் பாட்டு முடியிற வரைக்கும் இருந்தாப் போதும்" என்றீர்கள். வந்து உட்கார்ந்து, நீங்கள் பாடும்போது மறுபடி நான் எழுந்து ஓடினால் என்ன ஆகும்? அதனால் முதலில் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தொடங்கினேன். தொடங்கியதுதான் தப்பு.

என் காது எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அப்பா பிஸ்கட்டைக் கடித்தால் நான் அடுத்த அறைக்குப் போவேன், அவர் தேநீரை உறிஞ்சினால் மொட்டை மாடிக்கே போய்விடுவேன். ஆனால் பம்பு ஆலையில் எட்டு மணி நேரம் நிற்க முடிகிறது, ஏனென்றால் இயந்திரம் ஒழுங்காகச் சத்தம் போடும், மனிதர்கள்தான் இஷ்டத்துக்குப் போடுகிறார்கள். ஒரு இரும்புக் கம்பியின் நுனியைப் பம்பின் மேலும் மறுநுனியைக் காதோரமும் வைத்து, உள்ளே பேரிங் சரியாகச் சுற்றுகிறதா என்று கேட்டுச் சொல்வது என் வேலை. நான் தலையாட்டினால்தான் பம்பு வெளியே போகும். அப்படிப்பட்ட காதோடு ஞாயிறு மத்தியானம் உங்கள் பாட்டைக் குறைந்த ஒலியில் வைத்தேன். படகு மூழ்கிவிட்டது என்று ஊரே சொல்கிறது, பாட்டில் வரும் பெண் மட்டும் கரையில் விளக்கை அணைக்க மாட்டேன் என்கிறாள். ஒரு தடவை சொன்னால் எங்களுக்குப் புரியாதா அத்தை, ஏழு நிமிடம் அதையே சொல்லணுமா? சரி, சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தால், நாலாவது நிமிடம் பன்னிரண்டாவது நொடியில் குரல் மேலே போய், அங்கேயே நின்று, மெல்ல இறங்கியது. கை மயிர் சிலிர்த்தது, இரண்டு கண்ணிலும் கசிவு. அப்பா எட்டிப் பார்த்தார். "என்னடா, வேலை போயிடுச்சா?"

வலி என்றால் புரிந்திருக்கும். வலிக்கவே இல்லை, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கசிவு என்றால் கோளாறு, கோளாறு என்றால் இடம் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், நான் படித்த படிப்பு அப்படி. கணினியில் ஏற்றி, குரல் ஏறி இறங்கும் அந்த ஒன்பது நொடியை மட்டும் வெட்டி எறிந்தேன். இப்போது நாலாவது நிமிடம் வருவதற்கு முன்பே கண் கலங்கியது, என்ன வராமல் போகப்போகிறது என்று தெரிந்துவிட்டதால். அப்புறம் உங்கள் குரலையே எடுத்துவிட்டு வெறும் வாத்தியத்தை மட்டும் வைத்தேன். அடுப்படியிலிருந்து ஒரு குரல் அந்த இடத்தைச் சரியாக நிரப்பியது. அப்பாதான். நாலு நாளாகச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறார். "அக்கா சின்ன வயசுலயே இப்படித்தான் இழுப்பா, எங்களத் தூங்கவே விட மாட்டா" என்று சொல்லிக்கொண்டே கரண்டியும் கையுமாகக் கண்ணைத் துடைத்தார். எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் வியாழக்கிழமை தீய்ந்துபோன சாப்பாட்டைச் சாப்பிட்டோம்.

வீடு சரிப்படாது என்று வெள்ளிக்கிழமை ஆலைக்குக் கொண்டுபோனேன். ஒரு காதில் சின்ன இயர்போன், மறுகாதில் கம்பி. மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் வரும்போது நான் ஒரு பம்பின் மேல் சாய்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அவர் பார்த்தது கம்பியை மட்டும். எட்டு வருடத்தில் நான் முகம் சுளித்துத்தான் அவர் பார்த்திருக்கிறார், அழுது பார்த்ததில்லை. நான் வாய் திறப்பதற்குள், பம்பில் ஏதோ பெரிய கோளாறு என்று உற்பத்தி வரிசையையே நிறுத்திவிட்டார். அந்த வகைப் பம்பு ஆறையும் பிரித்துப் போட்டார்கள். ஒரு குறையும் இல்லை. "அப்ப எதுக்குய்யா அழுதே?" என்றார். "எங்க அத்தை பாடினாங்க சார்." ஒரு ஸ்பானரை எடுத்து என் கையில் வைத்தார். "இந்த ஆறையும் நீயே பூட்டிட்டு வீட்டுக்குப் போ."

இப்போது சொல்லுங்கள். அரங்கத்தில் ஒலியைக் குறைக்கும் திருகு கிடையாது, நடுவில் நிறுத்த முடியாது, நேரில் கேட்டால் இதைப்போல் பத்து மடங்கு. நான் ஓடுவேன். நீங்கள் பார்ப்பீர்கள். அதற்கப்புறம் கடைசிவரை கூப்பிட மாட்டீர்கள். அந்த ஆபத்து வேண்டாம். வீட்டிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

குளிர்ந்த தண்ணீர் குடிக்காதீர்கள். மேடையில் எல்லாம் நல்லபடியாக நடக்கும், சந்தேகமே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்

பின்குறிப்பு: இதைக் கையில் கொடுக்கச் சொல்லி ஆள் தேடிக் கிளம்பும்போது அப்பா சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். "நீ வராட்டிப் போடா, நான் போறேன். ஆனா எனக்கு வழி தெரியாது" என்றார். ஆகவே நானே கூட்டிவந்தேன், இதை உங்கள் அரங்கத்து வாசல் கூடத்தில், இடைவேளையில், நின்றபடியே எழுதுகிறேன். நீங்கள் பாடி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. ஓட வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஆனால் நடுவில் வாயில்காரர் கைவிளக்கோடு வந்து, "தம்பி, கொஞ்சம் சத்தமில்லாம அழுங்க, முன்வரிசைல கேக்க முடியலங்கிறாங்க" என்றார். சத்தம் போட்டதாக என்மேல் வந்த முதல் புகார் இது. நியாயமான புகார்தான். அப்பா மேல் இரண்டு வந்தது.