சன்மைக்காவுக்கு அடியில் ஒரு குவார்ட்டர்ஸ்

"பீரோவுல இல்ல, பைபிளுக்குள்ள இல்ல, அரிசி டின்னுக்குப் பின்னாடியும் இல்ல. லெட்டர் எங்கேங்க?" என்று ஜெயகுமாரி புருஷனிடம் கேட்டபோது மணி மத்தியானம் இரண்டரை.

பால்ராஜ் கையிலிருந்த சுத்தியலைக் கீழே போட்டான். ஆவடி ஃபேக்டரியில் சேர்ந்து ஏழு வருஷம் காத்திருந்து கிடைத்த குவார்ட்டர்ஸ் அலாட்மெண்ட் லெட்டர் அது. இன்றைக்கு ஐந்து மணிக்குள் எஸ்டேட் ஆபீசில் சாவி வாங்கவில்லை என்றால், வீடு லிஸ்டில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சேக்காட்டில் இந்த ஒழுகுகிற வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தண்ணீருக்காகத் தெருக்குழாயில் சண்டை போட்டுப் போட்டே ஜெயகுமாரிக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அப்படிப்பட்ட நாளில் ஒரு மனுஷன் காலையிலேயே ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டாமோ? பால்ராஜ் மேஜை செய்துகொண்டிருந்தான். புது வீட்டு வராந்தாவில் மரவேலைப் பட்டறை போடப் போகிறாராம் துரை! ஏலத்தில் எடுத்த பேக்கிங் பெட்டிக் கட்டையில் கால்கள், மேலே பிளைவுட் பலகை, அதற்கு மேலே பச்சை சன்மைக்கா.

"சாவி எங்க ஓடிடப் போவுது? சாயங்காலம் வாங்கிக்கலாம் மச்சான், மொதல்ல மேசைய முடி" என்றவன் கூட வேலை பார்க்கும் உத்தமன். நண்பனுக்கு ஒத்தாசை செய்யவே லீவு போட்டு வந்திருந்தான். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்?

"காலையில ஆணி டப்பாவுக்குக் கீழ வச்சேன்" என்றான் பால்ராஜ்.

டப்பா இருந்தது. லெட்டர் இல்லை.

பலகையிலும் சன்மைக்காவிலும் பசை தடவிக் காயவிட்டு, நடுவே பழைய காகிதங்களைப் பரப்பி, ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே அழுத்தி ஒட்டுவதுதான் முறை. இன்று பசை முழுசாகக் காயவில்லை. "போதும், போதும்" என்று அவசரப்படுத்தியவன் உத்தமன். காகிதம் பரப்பியதும் அவன்தான்.

"மச்சான், ஆறு பேப்பர் வச்சோம்" என்றான் உத்தமன் மெதுவாக. "உருவுனது அஞ்சுதான்."

மூன்று பேரும் மேஜையைப் பார்த்தார்கள். நடுவில் லேசாக ஒரு மேடு.

"ஆபீசுல போய் விஷயத்தைச் சொல்லிப் பாக்கலாமே" என்றாள் ஜெயகுமாரி.

"அசல் லெட்டர் இல்லாம வாசப்படிகூட ஏத்த மாட்டாங்க, தங்கச்சி! ரூலு அப்டி. பிரிச்சு எடுத்துடலாம், ஒண்ணும் ஆவாது" என்றான் உத்தமன்.

கத்தியை ஓரத்தில் விட்டு நெம்பினார்கள். சன்மைக்காவின் மூலை படக்கென்று உடைந்தது. லெட்டர் அசையவில்லை.

"சூடு காட்டுனா பசை இளகும்" என்றான் உத்தமன்.

இஸ்திரிப் பெட்டி வந்தது. சன்மைக்கா அப்பளம் மாதிரி உப்பிக் கருகியது. பெட்டியைத் தூக்கினால், அடியில் ஒரு பச்சைத் துண்டும் சேர்ந்தே வந்தது.

"ஐயையோ, எங்க அண்ணன் சீரா குடுத்த பெட்டிங்க!"

"உன் அண்ணன் ஒரு ஊட்டையும் குடுத்திருந்தா எனக்கு இந்தக் கதி வருமா?" என்று கத்தினான் பால்ராஜ். பயத்தில் இருப்பவனுக்கு யார் மேலாவது பாய வேண்டும்.

அடுத்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். பசை இளகவில்லை. தரைதான் வழுக்கியது, பால்ராஜ் விழுந்தான்.

"இதுக்கு பெயிண்ட் கடையில விக்கிற தின்னர்தான் சரி. நான் போய் வாங்கியாறேன். வர்ற வரைக்கும் கைய வச்சிடாத மச்சான், லெட்டர் கிழிஞ்சா போச்சு" என்று உத்தமன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். அப்போது மணி மூன்றே முக்கால்.

நாலு அடித்தது. நாலேகால் ஆயிற்று. உத்தமன் வரவில்லை.

"பாவம், எங்க அலையறானோ" என்றான் பால்ராஜ்.

ஜெயகுமாரி உளியை எடுத்தாள். தெருக்குழாயில் ஏழு வருஷம் சேர்த்து வைத்த பலத்தையெல்லாம் போட்டு நெம்பினாள். சன்மைக்கா மூன்று துண்டாகப் பறந்தது. பிளைவுட்டின் நடுவே லெட்டர் அப்பிக்கொண்டு கிடந்தது. கீழ்ப்பாதி நாசம். மேல்பாதியில் பால்ராஜின் பெயரும் சீலும் பளிச்சென்று தெரிந்தன.

பால்ராஜ் நகத்தால் சுரண்டப் போனான்.

"சுரண்டாதீங்க, கிழிஞ்சிடும்! பலகையோட தூக்குங்க!"

சுத்தியலால் நாலு அடி. ஒரு மாசம் இழைத்த கால்கள் நாலு பக்கமும் சாய்ந்தன. பசையில் புழுதி படியக்கூடாது என்று வெள்ளைப் பெட்ஷீட்டால் பலகையை மூடி, முன்னால் அவனும் பின்னால் அவளுமாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பால்ராஜின் கழுத்தில் ஃபேக்டரி ஐ.டி. கார்டு ஊஞ்சலாடியது.

எதிரே வந்த ஒருவர் சைக்கிளைவிட்டு இறங்கிச் செருப்பைக் கழற்றினார். "ஐயோ பாவம், யாருங்க?"

"எங்க லெட்டருங்க!" என்றாள் ஜெயகுமாரி, நிற்காமல்.

எஸ்டேட் ஆபீஸ் வாசலை அடைந்தபோது மணி நாலு ஐம்பத்தைந்து. பியூன் அப்பாவு, பலகையைப் பார்த்துவிட்டு மிரண்டு எழுந்தார்.

பால்ராஜ் பெட்ஷீட்டை உருவினான். மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அசல்! பாருண்ணே, பேரு கீது, சீல் கீது! சாவி குடுக்கச் சொல்லுண்ணே!"

அப்பாவு பலகையைப் பார்த்தார். பிறகு அவன் கழுத்தைப் பார்த்தார்.

"லெட்டரை எவன் நைனா கேட்டான், கழுத்துல தொங்குற கார்டே போதும், சட்டுனு உள்ள போ, லிஸ்டுல உனக்கு அடுத்த பேரு உத்தமன், நாலு மணிலேந்து கடியாரத்தையே பாத்துகினு குந்திகினு கீறாரு!"