பன்னிரண்டு டிகிரி ஃபிரிட்ஜும் வேகாத கோழியும்

மேன்மை தங்கிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது. அங்கு நீங்களும் என் மகளும் வேளாவேளைக்கு, உரிய சூட்டில் சாப்பிட்டு வருவீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற மாதம் இங்கு வந்திருந்தபோது தண்ணீர் எடுக்க எங்கள் ஃபிரிட்ஜைத் திறந்தீர்கள். எடுத்தோமா, குடித்தோமா என்று மூடியிருக்கலாம். நோயாளிகள் எதைச் சாப்பிடலாம் என்று சொல்லும் ஆஸ்பத்திரி உத்தியோகம் உங்களை விட்டால்தானே! பையிலிருந்து பேனா மாதிரி ஒரு வெப்பமானியை எடுத்து, உள்ளே இருந்த தண்ணீரில் நிறுத்திப் பார்த்து, "மாமா, பன்னெண்டு டிகிரி இருக்கு. இது ஃபிரிட்ஜ் இல்ல, கிருமிங்க தங்குற லாட்ஜ்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். பிறகு வெப்பமானியை எனக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனீர்கள். இந்த வீட்டில் சிரிப்பு அதோடு சரி.

போகிறபோது சும்மா போனீர்களா? ஐந்து டிகிரிக்கு மேலே, அறுபது டிகிரிக்குக் கீழே இருப்பது அபாய மண்டலம், சமைத்த பண்டம் எதுவும் அங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று வாசலில் நின்று சொன்னீர்கள். பஸ் டிப்போவில் முப்பத்து நான்கு வருஷம் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவனிடம், "இத்தனை மணிக்கு மேல் நிற்கக் கூடாது" என்ற வார்த்தையைச் சொல்லலாமா? மறுநாள் காலையிலேயே அட்டவணை போட்டுவிட்டேன். பால், வருகை ஆறு பத்து, காய்ச்சியது ஆறு இருபது, ஃபிரிட்ஜுக்குப் புறப்பாடு ஏழு ஐந்து. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, திறந்தவர் யார், என்ன காரணம் என்று எழுதச் சொன்னேன். முதல் நாள் முப்பத்தொரு தடவை திறந்திருக்கிறோம். அதில் பத்தொன்பது தடவை சும்மா பார்ப்பதற்காக. அந்தப் பத்தொன்பதும் நான்தான் என்று உங்கள் அத்தை சுட்டிக்காட்டினாள். ஆய்வு அதிகாரி கணக்கில் வரமாட்டார் என்று விளக்கினேன்.

ஃபிரிட்ஜின் குளிரைக் கூட்டலாம் என்று உள்ளே இருந்த திருகைப் பார்த்தேன். ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டிருந்தது. ஒன்று என்றால் ஒரு டிகிரி என்று யாருக்குத்தான் தோன்றாது? ஒன்றில் வைத்தேன். மாலைக்குள் பால் திரிந்தது, மீன் நாற்றம் பக்கத்து வீடு வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தது. எண் ஏற ஏறத்தான் குளிர் ஏறும் என்று பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார். ஏழில் வைத்தேன். மறுநாள் முட்டைகள் உறைந்து வெடித்துக் கிடந்தன, வெள்ளரிக்காயை உங்கள் அத்தை வெட்டப்போய்க் கத்தி வளைந்தது. "முப்பத்தஞ்சு வருஷமா என் கையால சாப்பிட்டீங்களே, செத்தா போயிட்டீங்க?" என்று கேட்டாள். "செத்தவன் எவனும் வந்து சாட்சி சொல்ல மாட்டான். உயிரோட இருக்கறவன் சொல்றத மட்டும் வெச்சு விஞ்ஞானம் முடிவு பண்ணாது" என்றேன். நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். அவள் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு ஹாலில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சமைக்க எழுந்திருக்கவில்லை.

இந்த நேரம் பார்த்து என் அண்ணன் சாப்பிட வருகிறார் என்று ஏற்பாடு. நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. உங்கள் கல்யாணத்தின்போது அவர் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னோமே, அது பொய். நாங்கள் பேசி ஆறு வருஷம் ஆகிறது. அவர் நாற்பது வருஷம் ரொட்டிக்கடை வைத்திருந்தவர். அடுப்பின் வாயில் உள்ளங்கையைக் காட்டியே சூடு சொல்லிவிடுவார். தன் மகள் கல்யாண விருந்துக்குத் தன் கையாலேயே ரொட்டி சுட்டிருந்தார். நான் ஒன்றைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, பஸ் புறப்பாட்டை அறிவிக்கிற அதே குரலில், "நடுவுல வேகலையே!" என்று சொல்லிவிட்டேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. அன்றோடு பேச்சு நின்றது. உங்கள் அத்தைதான் மாதக்கணக்காகத் தூது போய், இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வர அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

ஒரு முழுக் கோழியை நானே அவனில் வைத்தேன். அவன் என்றால் ஆள் இல்லை, இங்கிலீஷில் மின்சார அடுப்பு. நடுக்கறியில் எழுபத்து நான்கு டிகிரி வர வேண்டும் என்பது உங்கள் கட்டளை. உங்கள் அத்தை அதைத் திறந்து பார்க்க எழுந்தாள். உள்சூடு போய்விடும் என்ற பதைப்பில், "அவன் சூடா இருக்கு, கதவத் திறக்காதே!" என்று கத்தினேன். அந்தக் கணத்தில்தான் வாசலில் அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தபோது அண்ணன் பாதிப் படி இறங்கியிருந்தார். "நான் சூடா இருக்கேன்னு எவன்டா சொன்னான்? சும்மாதான் வந்தேன். திறக்காதேன்னா திறக்காதே, போறேன்" என்றார். அடுப்பைத்தான் சொன்னேன் என்று அவரை நம்பவைத்து உள்ளே கூட்டிவரப் பத்து நிமிஷம் ஆயிற்று. அவர் கையில் துணி சுற்றிய ஒரு ரொட்டி, வீட்டில் சுட்டது, இன்னும் வெதுவெதுப்பு. மாப்பிள்ளை, நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு மாதப் பழக்கம். கை தானாக வெப்பமானியை எடுத்து ரொட்டியின் நடுவில் செருகிவிட்டது. நாற்பத்தொன்று. "அண்ணே, அபாய மண்டலத்துல இருக்கு" என்றும் சொல்லிவிட்டேன்.

உங்கள் அத்தை முகத்தை மூடிக்கொண்டாள். ரொட்டிக்கு அந்த விதியே பொருந்தாது என்று அப்புறம் உங்கள் மனைவி போனில் சொன்னாள். அப்புறம் சொல்லி என்ன பயன்? அண்ணன் வெளிறிப்போய், "ஆறு வருஷம் கழிச்சும் உனக்கு இன்னும் சந்தேகம் தீரலையாடா?" என்றார். பேச்சை மாற்றக் கோழியைக் கொண்டுவந்து வைத்தேன். எழுபத்தாறு டிகிரி என்று காட்டினேன், பார்க்கப் பொன்னிறமாக இருந்தது. எதிர்வீட்டுத் தம்பதியையும் கூப்பிட்டிருந்தோம். அவர்கள் தட்டோடு காத்திருந்தார்கள். அண்ணன் கோழியின் காலைப் பிடித்து லேசாக ஆட்டினார். என் பக்கம் சாய்ந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வேகலடா. உன் குச்சி எலும்புல முட்டிக்கிட்டு அதோட சூட்டக் காட்டுது" என்றார். பிறகு உரக்க, "கோழி ஆறிப்போச்சு, நான் கொஞ்சம் சூடு பண்ணிட்டு வரேன்" என்று தட்டோடு சமையலறைக்குள் போனார்.

பின்னாலேயே போனேன். தொடையில் கத்தியை இறக்கினார். சிவப்பாகத் தண்ணீர் வந்தது. மறுபடி அடுப்பில் வைத்தார். கதவைச் சாத்தியபடி, "அன்னிக்கு ரொட்டியும் வேகலதான்டா. கல்யாணப் பதட்டத்துல சீக்கிரம் எடுத்துட்டேன். வாயில வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு. நீ காதுல வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றார். டிப்போவில் நான் போடாத சத்தமில்லை, மாப்பிள்ளை. அன்று, "தப்புதாண்ணே" என்பதை அவர் காதருகே போய் மெதுவாகச் சொன்னேன். கோழி வேக இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் அடுப்படியில் நின்று அவர் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டே ஆறு வருஷக் கதையைப் பேசி முடித்தோம். ஹாலில் இருந்தவர்கள் பசியில் வாடினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆகவே நான் தீர்மானித்துவிட்டேன். அட்டவணையைக் கிழித்துப் போட்டாயிற்று. கரண்டியை உங்கள் அத்தையிடம் மரியாதையாகத் திருப்பித் தந்தாயிற்று. எழுபத்தாறு என்று கூசாமல் பொய் சொன்ன உங்கள் வெப்பமானியை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். இனி இந்த வீட்டுக்கு வரும்போது பழம் வாங்கி வாருங்கள், பிஸ்கட் வாங்கி வாருங்கள், அறிவை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் இருவருக்கும் உடம்பு எப்போதும் முப்பத்தேழு டிகிரியிலும், மனசு அதற்குக் கொஞ்சம் கீழேயும் நிலைத்திருக்க என் ஆசி. உங்கள் அத்தையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: பார்சலைக் கட்டிவிட்டு உட்கார்ந்தேன், அண்ணன் போன் செய்தார். "டேய், அந்தக் குச்சிய வெச்சிருக்கியா, தூக்கிப் போட்டுட்டியா? நம்ம வீட்டு ஃபிரிட்ஜ்ல தெனம் பால் திரியுதுடா. எடுத்துக்கிட்டு வா, எத்தனை டிகிரின்னு பாத்துடலாம். சாப்பாடு இங்கதான்" என்றார். எனவே உங்களுக்கு வரும் பார்சலில் வெறும் டப்பாதான் இருக்கும், பதற வேண்டாம். கிழித்தது அட்டவணையின் நகல். அசல் பத்திரமாக இருக்கிறது. எலும்பில் முட்டாமல் குத்துவது எப்படி என்று விவரமாக, முடிந்தால் படம் போட்டு, உடனே எழுதவும். அண்ணனுக்கும் ஒரு வெப்பமானி வேண்டுமாம். அவர் உள்ளங்கைக்கு வயசாகிவிட்டதாம். இதை அவர் என் காதில்தான் சொன்னார், நீங்களும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.