நான் எழுந்து நின்று தடுத்த கல்யாணம்

பதறினால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வியர்க்கும். எனக்கு உடனே எழுந்து நின்று பேச வேண்டும். மற்ற நாட்களில் நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டேன். (பெண் பார்க்கப் போன அன்று மாமனாரிடம் நான் மொத்தமாகப் பேசியது ஒரு "ம்".)

2013 வாக்கில் எனக்கு ஞானம் பிறந்தது. சமூக வலைத்தளத்தைத் திறந்தால் யாரோ தின்ற பிரியாணி, யாரோ போட்ட சண்டை. நான் எதைப் படிக்கவேண்டுமென்று எங்கேயோ இருக்கிற கம்பெனி ஏன் தீர்மானிக்கணும்? கணக்கை மூடிவிட்டு, செல்போனில் ஒரு செய்தியோடை வாசிப்பானை இறக்கினேன். பிடித்த வலைப்பூக்களின் முகவரியைக் கொடுத்துவிட்டால் போதும், அவற்றில் வருவதை மட்டும் வரிசையாகக் கொண்டுவந்து வைக்கும். விளம்பரம் கிடையாது. போதாததற்குத் திறந்த மூல மென்பொருள். உள்ளே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். (நானும் திறந்து பார்த்தேன். உடனே மூடிவிட்டேன்.)

எங்கள் ஊர் கடியப்பட்டணத்தில் ஒரு டீக்கடை பாக்கியில்லாமல் இதைப் பிரசங்கம் செய்தேன். வீட்டிலும் ஆரம்பித்தேன்.

"இனி என் கண்ணுல எது படணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

"மொதல்ல மத்தியானத்துக்கு என்ன கொழம்புன்னு முடிவு பண்ணுங்க, பாப்போம்," என்றாள் மனைவி ஸ்டெல்லா.

அந்தச் சமயத்தில்தான் என் அக்கா மகள் சகாயத்துக்கு முட்டத்தில் மாப்பிள்ளை நிச்சயமானது. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும். (தெரிவிப்பது தனியாக, பூசை முடிந்தபிறகு. இது எனக்குப் பிற்பாடு விளக்கமாகச் சொல்லப்பட்டது.)

மூன்றாம் ஓலை வாசிக்கும் ஞாயிறு காலையில், மாப்பிள்ளை ஊர்ப் பையன்கள் நடத்திய வலைப்பூவை வாசிப்பானில் சேர்த்தேன். சம்பந்தக்கார ஊர்ச் சேதி தெரிந்திருப்பது நல்லதுதானே. கோவிலில் பிரசங்கம் நீண்டபோது செல்போனை மெல்ல எடுத்தேன். 'புதியவை' என்று குவிந்திருந்ததில் ஒன்று: 'ஓலை: அந்தோணி – லூர்து மேரி மகனுக்கும் குளச்சல் ஷீபாவுக்கும்.'

அந்தோணியும் லூர்து மேரியும் எங்கள் சம்பந்திகள். அவர்களுக்கு இரண்டே மகன்கள். மூத்தவனுக்குக் கல்யாணமாகிவிட்டது. அப்படியானால் ஷீபாவுக்குப் பேசியிருப்பது எங்கள் மாப்பிள்ளையை! (தர்க்கத்தில் நான் அப்போதே புலி.)

பதறிவிட்டேன். சாமியார் ஓலையை வாசித்து, "தடை ஏதும் தெரிந்தவர்கள்" என்று முடிக்குமுன் எழுந்துவிட்டேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சட்டையைப் பிடித்து இழுக்க ஸ்டெல்லாவுக்கு எட்டவில்லை.

"சாமி, தடை இருக்கு!"

சகாயம் முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"ஏலே, ஒனக்கு என்னல ஆச்சு?" என்றாள் அக்கா. மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

பூசை முடிந்ததும் சாமியார் அறையில் விசாரணை. முட்டத்துக்குப் போன் போயிற்று. அரைமணி நேரத்தில் சம்பந்தி வீடே ஒரு வேனில் வந்து இறங்கியது. மாப்பிள்ளைக்கு முகத்தில் ரத்தமில்லை. அவன் ஏதோ சொல்ல வந்தான். சகாயம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கல்யாணம் நின்றது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

நான் செல்போனை நீட்டினேன். "யாரு இந்த ஷீபா? இப்பம் தெரிஞ்சாகணும்."

"நாந்தான் மாமா," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மூத்த மகனின் மனைவி. இடுப்பில் குழந்தை. நிச்சயத்தன்று எனக்கு மூன்று தரம் பாயசம் ஊற்றியவள். மாப்பிள்ளை அவளை "மைனி, மைனி" என்றே கூப்பிட்டதால், அவளுக்கு வேறு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சாமியார் செல்போனை வாங்கிப் பதிவைத் திறந்தார். அடியில் எறும்பு அளவில் தேதி. இரண்டு வருடம் முந்தையது. ஒரு வலைப்பூவைப் புதிதாகச் சேர்த்தால் அதன் பழைய பதிவுகளையும் வாசிப்பான் அள்ளிக்கொண்டு வந்துவிடுமாம். அதற்கு நான் படிக்காதது எல்லாமே புதுசு.

ஷீபா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "எங்க ஓலைய நிறுத்தணும்னா இப்பமும் நிறுத்துங்க மாமா. நேத்து இவனுக்கு ஒருவாய் சோறு குடுங்கன்னேன், முடியாதுன்னுட்டாரு இவன் அப்பா."

முதலில் சிரித்தது சகாயம். அதன்பிறகுதான் மாப்பிள்ளை மூச்சு விட்டான்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. வாசிப்பானை நான் இன்றும் விடவில்லை. ஆனால் இரண்டு ஊரிலும் என் வாயிலிருந்து வரும் எந்தச் செய்திக்கும் மதிப்பில்லை. போன மாதம் முட்டத்துக்குப் போயிருந்தேன். வாசலில் நின்று, "ஷீபா, மழை வருதும்மா, மாடியில கருவாடு கெடக்கு!" என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து சாவகாசமாகக் கேட்டாள்: "எந்த வருசத்து மழை மாமா?"

கருவாடு முழுக்க நனைந்தது.