கம்பெனி அண்ணாச்சியும் கோழிப் பெட்டியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த ஒருவர்கூட கம்பெனி அண்ணாச்சியின் கையிலிருந்து தப்பியதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் அவருக்கு ஒரு நன்னாரி சர்பத் கடை இருந்தது. தாகத்துக்கு ஒதுங்குகிறவன் சட்டைப் பையில் டெஸ்டர் தெரிந்தால் போதும், டம்ளர் காலியாவதற்குள் அவனை ஒரு கம்பெனிக்கு முதலாளி ஆக்கிவிடுவார். வந்தவன், தன் கம்பெனிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே எதிர்த் திசையில் போகிற பஸ்ஸில் ஏறிவிடுவான்.

அவருடைய அம்மா அப்பா வைத்த பெயர் என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியாது. ரேஷன் கடையில்கூட ‘கம்பெனி வந்திருக்காரு’ என்றுதான் சொல்வார்கள். இளவயதில் பம்பாய்க்குப் போய் ஒரு ரேடியோ தொழிற்சாலையில் இருந்துவிட்டு வந்தவர். ரேடியோ செய்கிற இடத்தில் அல்ல, செய்து முடித்த ரேடியோவை வைக்கோல் திணித்துப் பெட்டியில் அடைக்கிற இடத்தில். வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், ‘ரெண்டும் கரண்டு வீட்டுப் பிள்ளையதானவே’ என்பார். ஆனால் அந்தத் தொழிற்சாலையின் மதிய இடைவேளையில் அவர் ஒன்றைக் கவனித்திருக்கிறார். செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவனும் பெட்டி செய்கிறவனும் ஈயம் உருக்கிச் சால்டர் வைக்கிறவனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுவார்களாம். மோர்ச் சோறு வருவதற்குள் ரேடியோவில் இருந்த ஏதாவது ஒரு கோளாறு தீர்ந்துவிடுமாம். அந்த மேஜையை நம் ஊருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அவருடைய லட்சியம்.

நான் அப்போது பாலிடெக்னிக் முடித்துவிட்டு மெட்ராஸில் வேலை தேடிக்கொண்டிருந்தேன், சங்கரன்கோவிலில் இருந்தபடியே. முதல் சந்திப்பிலேயே என்னைச் சீஃப் இன்ஜினியர் ஆக்கினார். எந்தக் கம்பெனிக்கு என்று கேட்டேன்.

“அது இனிமேத்தான் வரும். நீரு மொதல்ல வாரும்,” என்றார்.

கூட்டம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கடைக்குப் பின்னால், ஐஸ் பாளத்தை மரத்தூளில் புதைத்து வைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில். அன்றைக்கு மட்டும் அண்ணாச்சி டை கட்டுவார். வேட்டி, அரைக்கைச் சட்டை, அதன் மேல் பம்பாயில் வாங்கிய சிவப்பு டை. சர்பத் கலக்கும்போது டை டம்ளருக்குள் விழாமலிருக்க முதுகுப் பக்கம் தூக்கிப் போட்டுக்கொள்வார். ராயகிரியிலிருந்து வந்த ஒருவர் அதை மப்ளர் என்று நினைத்து, காய்ச்சல் எப்போதிருந்து என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

ஊரில் கெட்டிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள் என்பதுதான் சங்கடம். மோட்டார் காயில் கட்டும் செல்லத்துரையும், ரேடியோ ரிப்பேர் செய்யும் தாவூது பாயும் எதிரெதிர்க் கடை. பாய்க்கு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் தேவையென்றால், செல்லத்துரை கடையைத் தாண்டி நடந்து, பஸ் பிடித்து மதுரைக்குப் போய் வாங்கி வருவார். செல்லத்துரைக்கு மீட்டர் பழுதானால், பாய் கடையைப் பார்க்காமலே நடந்து திருநெல்வேலி பஸ்ஸில் ஏறுவார். இந்தச் சண்டையால் லாபம் அடைந்தது பஸ் முதலாளிகள் மட்டுமே. அண்ணாச்சி இருவரிடமும் தனித்தனியாகப் போய், மற்றவர் வரமாட்டார் என்று சத்தியம் செய்து கூட்டத்துக்கு அழைத்தார். இருவரும் வந்தார்கள். ஒருவர் ஐஸ் பெட்டியைப் பார்த்தும் இன்னொருவர் சுவரைப் பார்த்தும் உட்கார்ந்தார்கள்.

அண்ணாச்சி டையைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தின் ஒரே விதியை அறிவித்தார். அந்த வாரம் எதை எரித்தோம், எதைக் கெடுத்தோம் என்று சொல்கிறவருக்குச் சர்பத் இலவசம். பெருமை பேசுகிறவர் காசு கொடுத்துக் குடிக்க வேண்டும். அவரே ஆரம்பித்தார். நன்னாரிப் பாகைக் காய்ச்சும்போது யாரோ ஒரு மெக்கானிக்கிடம் பேசிக்கொண்டிருந்து தீய்த்துவிட்டதை, ஒரு விமான விபத்தைச் சொல்கிற மாதிரி சொல்லி முடித்தார். வெக்கை தாங்காமலோ என்னவோ, தாவூது பாய் சுவரைப் பார்த்தபடியே, ஆம்பிளிபயர் ஒன்றில் தானே சுற்றிப் போட்ட டிரான்ஸ்பார்மர் புகைந்துபோனதைச் சொன்னார். செல்லத்துரையின் முதுகு லேசாக அசைந்தது. கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. திரும்பிவிட்டார்.

“என்ன கம்பிவே போட்டீரு?”

பாய் சொன்னார். “அந்தக் கம்பி தாங்குமாவே?” என்று செல்லத்துரை எழுந்தார். அன்றைக்கு இருவரும் போட்ட சண்டையில் தெருவில் போனவர்கள் விலக்கிவிட ஓடி வந்தார்கள். அண்ணாச்சி கண்ணில் நீர் தளும்ப என்னிடம், பம்பாயில் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்றார்.

அடுத்து அவர் பிடித்தது எஸ்தர் அக்காவை. கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சால்டர் வைத்துக்கொண்டிருந்தவர், வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டு நம் ஊருக்கு வந்திருந்தார். விஷயம் காதில் விழுந்ததும் அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் நேரம் பார்த்து, டையோடு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றார். எஸ்தர் அக்காவின் மாமியார், இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்று நினைத்து, வீட்டில் யாரும் சாகிற உத்தேசத்தில் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தப் பார்த்தார். அண்ணாச்சி காலை உள்ளே வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மருமகள் ஆம்பிளைகளோடு போய் உட்கார்ந்தால் ராத்திரிக்கு யார் இட்லி அவிப்பது என்று மாமியார் கேட்டார். வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், எஸ்தர் அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து சால்டரிங் அயர்னை எடுத்துவிட்டார்.

“இட்லி திங்கக்கிழமையே அவிச்சு வச்சிருதேன் அத்தை,” என்றாராம். மாமியார் கதவை விட்டு விலகினார்.

இப்படி ஆள் சேர்ந்ததும், என்ன செய்வது என்கிற கேள்வி வந்தது. அதற்கு ஊரே பதில் வைத்திருந்தது. சாயங்காலமானால் நம் ஊர் வோல்டேஜ், தறியெல்லாம் ஓட்டி முடித்தவன் மாதிரி உட்கார்ந்துவிடும். குண்டு பல்பு பழுத்த மிளகாய் நிறத்தில் எரியும். வசதியானவர்கள் அப்போதுதான் டி.வி. வாங்கி, மொட்டை மாடியில் பனை உயரத்துக்கு ஆண்டெனா நட்டு, இலங்கை நிகழ்ச்சிகளைப் புள்ளி புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வோல்டேஜ் இறங்கினால் படம் நாலு பக்கமும் சுருங்கி நடுவில் தபால் தலை மாதிரி நிற்கும். அதைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் வெளியூரிலிருந்துதான் வரும், கெட்டுப்போனால் வெளியூருக்கே போகும், பல சமயம் அங்கேயே தங்கிவிடும். அதை நாமே செய்வோம் என்று அண்ணாச்சி முடிவு செய்தார். செல்லத்துரை காயில் கட்டினார், தாவூது பாயும் நானும் சர்க்யூட் போட்டோம், எஸ்தர் அக்கா சால்டர் வைத்தார், டிரங்குப் பெட்டிக் கடையில் தகரக் கூடு அடித்து வாங்கினோம்.

முதல் பெட்டியைத் தறி முதலாளி ஒருவர் வீட்டில் வைத்தோம். அவர் பெருமையாகச் சொந்தபந்தங்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார். சுவிட்சைப் போட்டதும் படம் விரிந்தது. எல்லோரும் ஆ என்றார்கள். உடனே பெட்டிக்குள் ‘டக் டக் டக்’ என்று சத்தம். முட்டையிடப் போகிற கோழி மாதிரி அது விடாமல் கொக்கரித்தது, படமும் கூடவே விரிந்து சுருங்கி விரிந்தது. பிறகு மூடியின் இடுக்கிலிருந்து புகை வந்தது. நல்லவேளை, டி.வி.க்கு ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்குத்தான் ஆனது. மறுநாள் காலைக்குள் ‘கோழிப் பெட்டி’ என்கிற பெயர் பனவடலிசத்திரம் வரை போய்விட்டது. டீக்கடையில் என்னைப் பார்த்ததும் ஒருவர், பெட்டி முட்டையிட்டுவிட்டதா என்று கேட்டார்.

அண்ணாச்சியின் பம்பாய் மேஜை உடைந்தது. சர்க்யூட்தான் தப்பு என்று செல்லத்துரையும், காயில்தான் தப்பு என்று பாயும் சொல்லிக்கொண்டு மறுபடியும் பேச்சை நிறுத்தினார்கள். பாயின் மச்சான் துபாயிலிருந்து வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆடித் தபசுத் திருவிழா முடிந்ததும் கிளம்புவதாகப் பாய் சொல்லிவிட்டார். எனக்கும் மெட்ராஸில் ஓரிடத்தில் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் எஸ்தர் அக்காவும், அண்ணாச்சியிடம் விடைபெறப் போன நானும்தான்.

அண்ணாச்சி எரிந்த பெட்டியை எடுத்துப்போய், கடை வாசலில் சர்பத் பாட்டில்களுக்கு நடுவில் வைத்தார். அதற்கு ஒரு பூமாலை போட்டார். மேலே ஒரு அட்டை: ‘சங்கரன்கோவிலில் செய்தது. எரிந்துவிட்டது. திருத்திக்கொண்டிருக்கிறோம்.’ பார்க்க வருகிறவர்களுக்குச் சர்பத் இலவசம் என்றும் சொல்லிவிட்டார். சும்மா கிடைக்கிற சர்பத்துக்கு ஊர் வராமல் இருக்குமா? மேலநீலிதநல்லூர்க்காரர்கள் வண்டி கட்டாத குறையாக வந்து பார்த்துச் சிரித்தார்கள்.

அதைத் தாங்க முடியாமல் முதலில் ஓடி வந்தவர் செல்லத்துரை. தான் கட்டிய காயில் கருகிப்போய் நடுத்தெருவில் மாலையோடு உட்கார்ந்திருப்பதை எந்தத் தொழில்காரர் பொறுப்பார்?

“உள்ள எடுத்து வையும்வே, மானம் போகுது.”

“திருத்திட்டா எடுத்துருதேன்,” என்றார் அண்ணாச்சி.

பின்னாலேயே தாவூது பாயும் வந்துவிட்டார். திட்டிக்கொண்டே பெட்டியை இருவரும் பின்பக்கம் தூக்கிப் போனார்கள். அங்கே எஸ்தர் அக்கா, இதற்காகவே காத்திருந்த மாதிரி, கோளாறைச் சொன்னார். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்ததும் பெட்டி அதைத் தூக்கிவிடுகிறது. தூக்கிய உடனே, சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறது. விட்டதும் மறுபடி குறைகிறது.

“ஏறுததுக்கும் எறங்குததுக்கும் ஒரே கோடு போட்டிருக்கோம். நடுவுல கொஞ்சம் எடம் விடணும்,” என்றார். பாய் அந்த இடத்தை விட்டார். செல்லத்துரை, யாரும் கேட்காமலே, இன்னும் தடித்த கம்பியில் காயில் கட்டினார். நான் மெட்ராஸுக்குப் போகவேண்டிய ரயில் என்னை விட்டுவிட்டுப் போனது. அன்றைக்கு அது எனக்கு ஞாபகத்துக்குக்கூட வரவில்லை.

ஆடித் தபசுக்கு ரத வீதியில் ஒரு ஓலைப் பந்தல் போட்டு, புதிதாகச் செய்த பெட்டிகளை விற்பனைக்கு அடுக்கினோம். காட்டுவதற்கு டி.வி. வேண்டுமே, அண்ணாச்சி கொஞ்சமும் கூச்சமில்லாமல் அதே தறி முதலாளியிடம் போய்க் கேட்டார். முதலாளி கொடுத்தார்.

“இது எரிஞ்சுதுன்னா, அந்த எடத்துல நீரு வந்து உக்காரும். வீட்ல எல்லாரும் உம்மையே பாத்துக்கிடுதோம்,” என்றார்.

எங்களுக்கு நேர் எதிரே வெளியூர் டீலர் ஒருவர் ஷாமியானா போட்டு, வரிசையாக டி.வி.க்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பளபளவென்று ஒரு ஸ்டெபிலைசர் வைத்திருந்தார். கூட்டம் முழுவதும் அங்கேதான். எங்கள் பந்தலில் நின்றது வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் மட்டும். மாலை மயங்கியது. ராட்டினம் சுற்ற ஆரம்பித்தது, மைக் செட்டுகள் அலறின, வீதியெங்கும் சீரியல் விளக்குகள் எரிந்தன. வோல்டேஜ் இறங்கத் தொடங்கியது. எதிர்ப் பந்தலில் ஒரு டி.வி.யின் படம் சுருங்கியது, பிறகு அடுத்தது, பிறகு வரிசையாக எல்லாமே இருண்டன. அவருடைய பெட்டிகள் நல்ல ஊர்களின் வோல்டேஜுக்குச் செய்யப்பட்டவை.

எங்கள் பெட்டி ஒரே ஒரு முறை ‘டக்’ என்றது. தாவூது பாய் கண்ணை மூடிக்கொண்டார். செல்லத்துரை என் கையைப் பிடித்தது இன்னும் வலிக்கிறது. இரண்டாவது ‘டக்’குக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. திரை நிறைய ஒரு அம்மா செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். ரத வீதியில் ஓடிக்கொண்டிருந்த டி.வி. அது ஒன்றுதான். ஜனம் அப்படியே எங்கள் பக்கம் திரும்பியது. கோழிப் பெட்டி ஓடுகிறது என்று யாரோ கத்த, பந்தல் கால் சாய்ந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்குக் கூட்டம். எஸ்தர் அக்காவின் மாமியார் அந்த நெரிசலில் நின்று, உள்ளே சால்டர் வைத்தது தன் மருமகள்தான் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சியை மட்டும் காணோம். பார்த்தால், நாங்கள் விற்பனைக்கு வைத்திருந்த பெட்டிகளைக் கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு, டை முதுகில் பறக்க, எதிர்ப் பந்தலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார். செல்லத்துரை பாய்ந்து மறித்தார். போட்டிக்காரனுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும், அவன் இருண்டு கிடப்பதுதானே நமக்கு லாபம் என்று சத்தம் போட்டார். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

“நம்ம ஊருக்கு வந்த மனுசன் இருட்டுல நிக்குதாரு. அது நமக்கு நல்லா இருக்காவே?” என்றார் அண்ணாச்சி. விலகிக்கொண்டு ஓடினார்.

எதிர்ப் பந்தலில் டி.வி.க்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றபோது, ராட்டினத்தின் உச்சியில் இருந்தவர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். டீலர் அண்ணாச்சியைக் கட்டிக்கொண்டார். தன் கடைகளுக்கு இனி இந்தப் பெட்டிதான் என்று அங்கேயே வைத்துச் சொன்னார்.

தாவூது பாய் துபாய்க்குப் போகவில்லை. அங்கே வோல்டேஜ் சரியாக இருக்கிறதாம், தனக்கு என்ன வேலை என்று மச்சானுக்குத் தகவல் சொல்லிவிட்டார். எஸ்தர் அக்கா பக்கத்துத் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஒரு பட்டறை போட்டார். செல்லத்துரையிடம் வேலை பழகியவர்கள் பிரிந்துபோய் எதிரெதிரே கடை வைத்தார்கள், ஆனால் செவ்வாய்க்கிழமை ஒன்றாக உட்கார்ந்தார்கள். இரண்டே வருஷத்தில் சர்பத் கடைச் சந்து முழுக்க மெழுகு, வார்னிஷ், சால்டர் வாசனை. அண்ணாச்சி மட்டும் கடைசிவரை எந்தக் கம்பெனியும் ஆரம்பிக்கவில்லை. கேட்டால், எல்லோரும் கம்பெனி வைத்தால் சர்பத் யார் போடுவது என்பார்.

பிறகு நானும், டி.வி.யில் புள்ளியைக் குறைக்கும் ஆண்டெனா பூஸ்டர் செய்து விற்க ஒரு கடை திறந்தேன். பூஜை முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனதும் ஒருவரும் வரவில்லை. புது மேஜையின் பின்னால் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போது அண்ணாச்சி ஒரு ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில், தெருவில் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். ரேடியோ பாட மாட்டேன் என்கிறதாம். கழற்றிப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை, பேட்டரிகூடப் புதிது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

“மெதுவாப் பாரும். ஒண்ணும் அவசரமில்ல. யாராவது வாரவரைக்கும் இங்கனதான் இருப்பேன்,” என்றார்.

நன்றாக இருந்த அந்த ரேடியோவை நான் மத்தியானம்வரை ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன்.