மூன்று சுற்றும் ஒரு சான்றிதழும்

எங்கள் வாவிக்கரைக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினர்; ஒல்லாந்தர் பிடித்தனர்; ஆங்கிலேயர் பெற்றுக்கொண்டனர். ஆயினும் அதனை முழுமையாக ஆண்டவர் ஒருவரே. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஒரு மாத விடுமுறை வேலையாக வழிகாட்டிப் பணிக்கு வந்த மாணவி அவர். வாயிலில் வருகைப் பதிவேட்டுடன் அமர்ந்திருக்கும் நான் உட்பட எல்லோரும் அவரை ‘மூன்று சுற்று’ என்றே குறிப்பிட்டோம்.

களுதாவளைப் பிள்ளையாரை வலம்வந்து வளர்ந்த பிள்ளை. ஆகவே கோட்டையையும் மும்முறை வலமாகச் சுற்றினாலன்றிப் பார்த்ததாகாது என்பது அவரது கொள்கை. முதலிரு சுற்றுகளிலும் விளக்கம் எதுவும் கிடையாது.

“என்ன புள்ள, ஒண்டும் சொல்றாயில்ல?” என்பார் வியர்த்துக் கொட்டும் பயணி.

“இன்னும் ரெண்டு சுத்து இருக்கு மாமா. மறுகா சொல்றன்.”

மாங்கேணியிலிருந்து வந்த பெண்மணி ஒருவர் செருப்பை என் மேசையடியில் கழற்றி வைத்துவிட்டுச் சுற்றினார். முடிவில் என்னிடம் திருநீறு கேட்டார். வெளிநாட்டுத் தம்பதியர், ஒல்லாந்தரின் மௌன வழிபாடு உள்ளத்தைத் தொட்டதெனப் பதிவேட்டில் எழுதிச் சென்றனர். அதனைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

மாத இறுதியில் மேலதிகாரி முன்னறிவிப்பின்றி வந்து இறங்கினார். சுற்றுலாத்துறைப் படிப்புக்காகக் கொழும்பில் நடக்கும் நேர்முகத் தேர்வுக்குப் போக, அவர் கையொப்பமிட்ட சான்றிதழ் அப்பிள்ளைக்கு இன்றியமையாதது. அன்று பார்த்து எவரோ ஒரு பக்தர் பீரங்கிக்குச் செவ்வரத்தம்பூ மாலை சாத்தியிருந்தார்.

“இது கோட்டையா, கோயிலா?” என்றார் அதிகாரி. “ஆக்கள இப்பிடி அலைக்கழிச்சா எப்பிடிச் சேட்டிபிக்கட் தாறது?”

‘மூன்று சுற்று’ அசையவில்லை. “சேர், முதல் சுத்துல ஆக்கள் செல்பி எடுப்பாங்க. ரெண்டாஞ் சுத்துல என்னை ஏசுவாங்க. மூண்டாஞ் சுத்துலதான் மதிலப் பாப்பாங்க. நீங்களும் ஒருக்கா வாங்களேன்.”

அதிகாரி பருமனானவர், சப்பாத்தோ புதியது. முதற்சுற்று முழுவதும் கைத்தொலைபேசியில் பேசினார். இரண்டாவதில் மெய்யாகவே ஏசினார். மூன்றாவதில் ஓசையே இல்லை. மயங்கி விழுந்துவிட்டாரோ என்றஞ்சி ஓடிச் சென்று பார்த்தேன். மதிலை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“இதென்ன புள்ள, கல்லுக்கு இடையில சிப்பி கிடக்கு?”

“சிப்பியச் சுட்டுத்தான் சாந்துக்குச் சுண்ணாம்பு எடுத்தாங்க சேர். அதுல வேகாம மிஞ்சினது.”

“இருவது வருசமா இஞ்ச வாறன், நான் காணல்லயே.”

“நீங்க ஒரு சுத்தும் சுத்தல்லயே சேர்.”

நொண்டியபடி என் மேசைக்கு வந்த அதிகாரி, சான்றிதழில் ஒப்பமிட்டார். பின்பு மதிப்பீட்டுப் படிவத்தை என் பக்கம் தள்ளி, “கால் ரெண்டும் கொப்பளிச்சிட்டு ஐயா. இத நீங்களே நிரப்புங்க,” என்றார்.

நேரந்தவறாமை, ஒழுக்கம் அனைத்துக்கும் உரிய சொற்களைத் தேடி எழுதினேன். கடைசி வினா, இவரை மீண்டும் பணிக்கு அழைக்க விரும்புகிறீர்களா என்பது. கொழும்புக்குப் போகிற பிள்ளை இனி இங்கே வரப்போவதில்லை என்பதை நன்கறிந்தே ‘ஆம்’ என்றெழுதினேன். மை சரியாகப் பதியவில்லையோ என்ற ஐயத்தில், அதன்மேலேயே இன்னொருமுறை அழுத்தி எழுதினேன்.