வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால்

கௌரிசங்கர் தன் வாழ்நாளில் சத்தம் போட்டு எடுத்த தீர்மானம் ஒன்றே ஒன்றுதான். "இந்த வீட்ல கம்ப்யூட்டரை என்னைத் தவிர யாரும் தொடப்படாது."

வீட்டில் 'யாரும்' என்று மொத்தம் ஒருத்திதான் இருந்தாள். அவர் மனைவி வாலாம்பாள். மகள் ஸ்மிதா கல்யாணமாகிப் புனேவுக்குப் போய்விட்டாள். வேலைக்கு வரும் நஞ்சம்மா கம்ப்யூட்டர் இருந்த அறைப் பக்கமே போக மாட்டாள். தொட்டால் ஷாக் அடிக்கும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அந்த யாரோவும் கௌரிசங்கர்தான்.

இது 1999-இல், மைசூர் அக்ரஹாரத்தில் நடந்தது. கௌரிசங்கர் ரயில்வே ஆபீசில் ஹெட்கிளார்க். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இனாமாக வந்த லினக்ஸ் சி.டி. அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. கம்ப்யூட்டரை ஓட்டுகிற அந்த லினக்ஸ் புரோகிராமுக்கு யாரும் விலை கேட்பதில்லை, உள்ளே எழுதியிருப்பதை யாரும் ஒளிப்பதுமில்லை என்று படித்த மாத்திரத்தில் அவர் அதற்கு அடிமையாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வீட்டுக் கூடத்தில் லினக்ஸ் சங்கம் கூடியது. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேரும் ஆண்கள். சங்கத்தின் செயலாளர் சென்னப்பன் சாமராஜநகரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்துவிடுவார்.

"யார் வேணும்னாலும் தெறந்து பாக்கலாமுங்க," என்பார் சென்னப்பன், மேஜையைத் தட்டி. "யார் வேணும்னாலும் திருத்தலாமுங்க. செஞ்சவங்க பேரை மட்டும் மறைக்கப்படாது. யாரு என்ன செஞ்சாங்களோ, அதை அப்படியே ஒரு ஃபைல்ல எழுதி வெச்சிரணும். அதான் நம்ம தருமமுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபித் தட்டோடு வந்த வாலாம்பாள் அங்கேயே நின்றாள்.

"யார் வேணும்னாலுமா?"

"யார் வேணும்னாலும்," என்றார் கௌரிசங்கர், தானே கண்டுபிடித்தவர் மாதிரி. "ரெண்டு டம்ளர் கொறையறது பாரு."

"சரி," என்றாள்.

வாலாம்பாளின் 'சரி'யில் பல ரகம் உண்டு. இது எந்த ரகம் என்று அவர் அன்றைக்கு யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாலாம்பாள் கணக்கில் பி.எஸ்ஸி. கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில், அட்டையில் ஓட்டை போட்டு ஓட்டுகிற பெரிய கம்ப்யூட்டருக்கு நாலு வருஷம் புரோகிராம் எழுதியவள். கௌரிசங்கர் அதை 'டைப்பிங் வேலை' என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே நம்பிவிட்டிருந்தார்.

ஆவணி மாதம் ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்தவர், காலைக் கழுவிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அவர் பெயரில் ஜெர்மனியிலிருந்து ஒரு ஈமெயில் கடிதம் வந்திருந்தது.

'அன்புள்ள திரு. கௌரிசங்கர், ஒன்பது ஊசி பிரிண்டரில் தமிழும் கன்னடமும் அச்சடிக்க நீங்கள் எழுதியிருக்கும் புரோகிராம் அபாரம். முப்பத்திரண்டாவது வரியில் நீங்கள் செய்திருக்கும் யுக்தியை நாங்கள் இரண்டு நாள் உட்கார்ந்து ரசித்தோம்.'

மூன்று முறை படித்தார். ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுத்தை அடிக்கிற அந்த பிரிண்டரில் தமிழை வரவழைக்கத்தான் சங்கமே மூன்று மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. வேறு கௌரிசங்கராக இருக்குமோ என்று முதலில் நினைத்தார். போன வாரம் கோபத்தில் நாலைந்து பொத்தானைச் சேர்த்து அமுக்கினோமே, அதில் தானாக வந்திருக்குமோ என்று அடுத்தபடி நினைத்தார். மூன்றாவது யோசனை வர வெகு நேரமாயிற்று.

"வாலா, என் பேர்ல எவனோ உள்ள பூந்திருக்கான்."

"எவனோ இல்லே. நான்தான்," என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. "புடலங்காய்ல தேங்காய் போடட்டுமா?"

"நீ கம்ப்யூட்டரைத் தொட்டியா?"

"தினமும். பத்தரைலேர்ந்து நாலு வரைக்கும். நீங்க அஞ்சேகாலுக்கு வருவேள். நாலு மணிக்கே துணியைப் போட்டு மூடிடுவேன்."

"சரி, தொட்டதுதான் தொட்டே, உன் பேரைப் போட்டுண்டா என்ன? என் பேர் எதுக்கு?"

வாலாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பிஸ்கட் டின்னைத் திறந்து சில தாள்களை எடுத்தாள்.

"மொதல்ல உங்க சங்கத்துக்குத்தான் அனுப்பினேன். கடைத்தெரு பிரௌசிங் சென்டர்லேர்ந்து, சரசுன்னு பேர் வெச்சுண்டு. வாலாம்பாள்னா நீங்க கண்டுபிடிச்சுடுவேளே. ஏழு பேர் பதில் போட்டிருந்தா. நாலு பேருக்கு நான் நெஜமாவே பொம்மனாட்டிதானான்னு சந்தேகம். ஒருத்தருக்கு எனக்குக் கல்யாணம் ஆயிடுத்தான்னு தெரியணும். இன்னொருத்தர், இதை எழுதிக் கொடுத்த அண்ணா எங்க வேலை பாக்கறார்னு கேட்டார். புரோகிராமைத் தெறந்து பாத்தவா ஒருத்தருமில்லே. ஏழாவதை நீங்களே படியுங்கோ."

கௌரிசங்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

'அம்மணி, உங்கள் ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆனால் இதெல்லாம் சற்றுச் சிக்கலான விஷயம். வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். இப்படிக்கு, கௌரிசங்கர்.'

நடை நன்றாகத்தான் இருந்தது.

"அதான் பாத்தேன்," என்றாள் வாலாம்பாள். "வீட்ல ஒருத்தர் இருந்தார். புரோகிராம் தெரியலை. பேர் நன்னா இருந்துது, எடுத்துண்டேன். ஒரு புள்ளிகூட மாத்தாம அதையே இன்டர்நெட்ல வெளிநாட்டுக்காரா கூடற எடத்துக்கு அனுப்பினேன். ரெண்டே நாள்ல எல்லாரும் தெறந்து பாத்துட்டா. வர லெட்டரையெல்லாம் நானே எடுத்து வெச்சுண்டிருந்தேன். இன்னிக்கு மறந்துட்டேன்."

வாலாம்பாள் மறந்தாள் என்பதை நம்புகிறவர்கள் நம்பலாம்.

கௌரிசங்கருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு காபி குடிக்கிற நேரம் இருந்தது. அதற்குள் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டபடி சென்னப்பன் வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"சாரே, என்ன மனுசருங்க நீங்க! வாயே தெறக்கலையே! ஜெர்மனிக்காரன் உங்களைப் புகழ்ந்து எல்லாருக்கும் எழுதியிருக்கறதைப் பாத்தேனுங்க. அடுத்த மாசம் இன்ஜினியரிங் காலேஜ் ஹால்ல உங்களுக்குப் பாராட்டு விழாவுங்க. நீங்க பேசறீங்க, புரோகிராமை ஓட்டிக் காட்டறீங்க. சால்வை, சந்தனமாலை, மைசூர் பேட்டா எல்லாம் சொல்லியாச்சுங்க."

பேட்டா என்றதும் கௌரிசங்கரின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. ஜரிகை போட்ட அந்தத் தலைப்பாகையை ரயில்வேயில் இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர் தலையில் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர். தட்டைப் பிடிப்பது எப்போதும் அவர்தான். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். "வரேன்னு சொல்லிடுங்கோ" என்று வந்தது.

சென்னப்பன் போனபின் கௌரிசங்கர் சமையலறைக்கு வந்தார்.

"ஒரே ஒரு தடவை, வாலா. பேட்டாவை மட்டும் வாங்கிண்டு வந்துடறேன். அப்புறம் எல்லார்ட்டயும் சொல்லிடலாம்."

"பேஷா வாங்கிக்கோங்கோ. ஆனா பிரிண்டர் இன்னும் கூட்டெழுத்துல தடுமாறறது. அதைச் சரி பண்ணணும், உங்களுக்கும் சொல்லித் தரணும். மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் சமையல் உங்களோடது."

"சரி."

"ஃபைல்ல நான் எழுதறதுல ஒரு வரியைக்கூட நீங்க மாத்தப்படாது."

"மாத்தத் தெரிஞ்சாத்தானே."

"அதுவும் சரிதான்," என்றாள்.

மூன்று வாரம் கௌரிசங்கர் ஆபீசுக்குப் போகுமுன் ஒரு சமையல், வந்தபின் ஒரு சமையல் செய்தார். முதல் வாரம் அவர் நறுக்கிய வாழைக்காயை நஞ்சம்மா பார்த்துவிட்டு, "ஏனு சுவாமி இது, அடுப்புக்கு விறகா?" என்று கேட்டாள். இரண்டாவது வாரம் தோசை கல்லைவிட்டு வர ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் காபி, காபி மாதிரியே இருந்தது. மாலையில் பாடம் நடந்தது.

"இந்த எடத்துல இந்தப் பொத்தானை அமுக்கணும்."

"ஏன் அமுக்கறேன்னு யாராவது கேட்டா?"

"'நல்ல கேள்வி, கடைசில பேசலாம்'னு சொல்லுங்கோ. தெரியாதவா எல்லாரும் அப்படித்தான் சொல்றா."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். பிரிண்டர் 'ஸ்ரீ' என்ற எழுத்தைச் சுழி உடையாமல் அடித்துத் தள்ளியது. வாலாம்பாள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவர் பார்த்ததில்லை. இவளுக்கு இது இவ்வளவு பிடிக்கும் என்று தெரியாமலே ஒரே வீட்டில் இருந்துவிட்டோமே என்று அவருக்கு மனசு வலித்தது. அடுப்பில் தோசை கருகியது. பேட்டா மேல் இருந்த ஆசை மட்டும் அப்படியேதான் இருந்தது.

விழா நாளன்று ஹால் நிரம்பியிருந்தது. வாலாம்பாள் கடைசி வரிசையில், ஒரு கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பையன்கள் மரியாதையாக இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். மேடையில் கம்ப்யூட்டர், பிரிண்டர், தட்டில் பேட்டா. இந்தத் தடவை தட்டை வேறொருவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

கௌரிசங்கர் பத்து நிமிஷம் கணீரென்று பேசினார். ஒன்பது ஊசியையும் புள்ளிக் கோலத்தையும் ஒப்பிட்டு, "நம்மாத்துப் பெண்களோட கையில இருக்கற கலைதான் இது" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். ஒரு பையன் எழுந்து கூட்டெழுத்தைப் பற்றி ஏதோ கேட்டான். "நல்ல கேள்வி, கடைசில பேசலாம்," என்றார். கைதட்டல் விழுந்தது. சொல்லிக்கொடுத்த பொத்தானைச் சொல்லிக்கொடுத்த இடத்தில் அமுக்கினார்.

பிரிண்டர் கிர்ரென்று அடித்தது. முதல் தாள் வெளியே வந்தது. அழகான தமிழ், கீழே அழகான கன்னடம். சென்னப்பன் பரவசத்தோடு அதைக் கிழித்து மைக்கில் படித்தார்.

"இதுல பங்கு கொண்டவங்க. புரோகிராம் எழுதினது, திருத்தினது, கூட்டெழுத்துச் சேத்தது: வாலாம்பாள்." சென்னப்பன் ஒரு கணம் நிறுத்தினார். ஆனால் பங்கு கொண்டவர் பட்டியலைப் பாதியில் விடுவது அவர் தருமத்தில் இல்லை. "காபி போட்டது, வாழைக்காய் நறுக்கினது, தோசை வார்த்தது: கௌரிசங்கர். குறிப்பு: ஏழு தோசை கருகியது."

ஹால் அதிர்ந்தது. கௌரிசங்கருக்குக் காது இரண்டும் சுட்டது. மேடையை விட்டு எந்தப் பக்கமாக இறங்கலாம் என்று பார்த்தவர் கண்ணில் கடைசி வரிசை பட்டது. அத்தனை பேர் சிரிக்க, வாலாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிவு பார்க்க வந்த பெண் மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் "விளையாட்டுக்கு எழுதியிருக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த ஹால் நம்பிவிடும். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கௌரிசங்கர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஏழு இல்லே, ஒம்பது," என்றார். "ரெண்டை நான் மறைச்சுட்டேன். பாக்கி எல்லாம் சரி. இங்க வா, வாலா."

அவள் வந்தாள். தட்டிலிருந்த பேட்டாவை அவரே எடுத்து அவள் தலையில் வைத்தார். அது அவர் தலைக்கு அளவெடுத்தது. அவளுக்குக் கண் வரைக்கும் இறங்கியது. அவள் அதை ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டுக் கைப்பையைத் திறந்தாள். புரொஜெக்டரில் வைத்துக் காட்டுகிற கண்ணாடித் தாள்கள், நம்பர் போட்டு, பதினாறு இருந்தன.

"இது எப்போ எழுதினே?" என்றார் அவர், மைக்குக்குக் கேட்காமல்.

"நீங்க வாழைக்காய் நறுக்கறச்சே."

முக்கால் மணி நேரம் பேசினாள். "கோலத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லே," என்றுதான் ஆரம்பித்தாள். "எனக்குக் கோலம் வராது. எங்காத்துல நஞ்சம்மாதான் போடறா. எனக்குக் கணக்குத்தான் வரும்." முப்பத்திரண்டாவது வரியை அவள் விளக்கியபோது கூட்டெழுத்துப் பையன் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டான். பழக்கதோஷத்தில் ஒருவர் அடுத்த சந்தேகத்தைக் கௌரிசங்கரைப் பார்த்துக் கேட்டார். "தோசை பத்தின்னா அவரைக் கேளுங்கோ," என்றாள் வாலாம்பாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் பதின்மூன்று பேர். கம்ப்யூட்டர் முன் வாலாம்பாள், காபித் தட்டோடு கௌரிசங்கர். அன்றைக்குத்தான் ஜெர்மனியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது.

"உங்களுக்குத்தான். பேர் போட்டிருக்கு," என்று வாலாம்பாள் நகர்ந்து இடம் விட்டாள்.

கௌரிசங்கர் தட்டைக் கீழே வைத்தார். பன்னிரண்டு பேர் முன்னால், உலகம் முதன்முதலாக அவருக்கென்றே எழுதிய கடிதத்தை உரக்கப் படித்தார். 'அன்புள்ள திரு. கௌரிசங்கர், பங்களிப்பாளர் பட்டியலில் உங்கள் பெயரைப் பார்த்தோம். அந்தக் காபியை இங்கேயும் போட்டுப் பார்க்க ஆசை. பொடியில் சிக்கரி எத்தனை பங்கு?'

மூன்று வாரம் டின்னிலிருந்து பொடியை எடுத்துப் போட்டாரே தவிர, அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவர் கேட்டதில்லை. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"வாலா, இதுக்கு என்னன்னு பதில் எழுதறது?"

வாலாம்பாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதெல்லாம் சற்றுச் சிக்கலான விஷயம், வீட்ல பொம்மனாட்டிகள் யாராவது இருந்தா கேட்டுச் சொல்றேன்னு எழுதுங்கோ."